சிக்கி நிற்கும் நேரத்தின் பயன்: புதிர்ச் சாகச விளையாட்டுகளும் பிள்ளை வளர்ச்சியும்

2020 ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சூம் வகுப்புகளுக்கும் மாறியபோது, இலங்கையின் ஏனைய இடங்களைப் போலவே திருகோணமலை மாவட்டத்திலும் பெற்றோரின் கைத்தொலைபேசி பிள்ளைகளின் கைக்குப் போயிற்று. பின்னர் பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது. கைத்தொலைபேசியோ பல வீடுகளில் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. ஆகவே பட்டினமும் சூழலும் தொடங்கிக் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி வரையுள்ள பெற்றோர், பிள்ளை திரையில் விளையாடலாமா என்று கேட்கும் நிலையைக் கடந்து, எதை, எவ்வளவு நேரம், யாருடன் விளையாடலாம் என்று கேட்கும் நிலைக்கு வந்துள்ளனர். இவ்வத்தியாயம் புதிர்ச் சாகச விளையாட்டு என்ற ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பிள்ளையின் வளர்ச்சிக்கு எவ்விதம் உதவக்கூடும், எந்த நிபந்தனையின் கீழ் உதவும், அதை வீட்டிலும் வகுப்பறையிலும் எப்படிக் கையாள வேண்டும் என்பவற்றை விளக்குகிறது.

1. எது புதிர்ச் சாகச விளையாட்டு

ஒரு கதைக்குள் ஒரு பாத்திரத்தை நடத்திச் சென்று, வழியில் எதிர்ப்படும் தடைகளைச் சிந்தித்து நீக்குவதன் மூலம் கதையை முன்னகர்த்தும் கணினி விளையாட்டே புதிர்ச் சாகச விளையாட்டு எனப்படும். பூட்டிய கதவு, உடைந்த பாலம், வழிவிட மறுக்கும் காவலாளி போன்றவை இதில் தடைகளாக வரும். பொருள்களைத் தேடி எடுத்தல், ஒன்றோடொன்று இணைத்தல், குறிப்புகளை ஒப்பிடுதல் ஆகியவை அவற்றை நீக்கும் வழிகளாகும். விரல் வேகத்தையும் நொடிப்பொழுதுத் துலங்கலையும் கேட்கும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளிலிருந்து இது மூன்று வகையில் வேறுபடுகிறது: இதில் பெரும்பாலும் நேரக்கெடு இல்லை, எதிரே விளையாடும் அந்நியர் இல்லை, கதை முடிந்தால் விளையாட்டும் முடிந்துவிடும்.

இவ்வகையின் தொடக்கமே ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்காகச் செய்த வேலையாகும். அமெரிக்கக் கணினி நிரலாளரும் குகை ஆய்வில் ஈடுபட்டவருமான வில் குரோதர், 1970 களின் நடுப்பகுதியில், கென்டக்கி மாநிலத்துக் குகைத் தொகுதி ஒன்றைத் தழுவி, முழுவதும் எழுத்தாலான ஒரு விளையாட்டைத் தம் மகள்மாருக்காக எழுதினார். 1977 இல் டொன் வூட்ஸ் அதை விரிவாக்கினார். 1993 இல் வெளிவந்த 'மிஸ்ட்' படங்களாலான ஆளற்ற தீவொன்றில் இதே சிந்தனையைக் கேட்டது. செக் நாட்டின் அமானிட்டா டிசைன் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட 'மெஷினாரியம்', இலண்டனின் அஸ்டூ நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 'மொனுமென்ட் வெலி' ஆகியன கைத்தொலைபேசியிலும் விளையாடக் கூடியவை.

2. ஒரு புதிருக்குள் நடப்பது என்ன

பயன் எங்கே பிறக்கிறது என்பதை அறிய, 'மெஷினாரியம்' விளையாட்டின் தொடக்கப் புதிர் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குப்பை மேட்டில் எறியப்பட்ட சிறு இயந்திர மனிதன் ஒருவன் நகருக்குள் நுழைய வேண்டும். இடையிலே தூக்கு பாலம். அதற்கப்பால் ஒரு காவல் இயந்திரம். காவலன் தன்னைப் போன்ற காவலருக்கு மட்டுமே பாலத்தை இறக்குவான். அருகில் கிடைக்கும் பொருள்களோ வீதியில் வைக்கும் கூம்பு, நீலச் சாயம், ஒரு மின்குமிழ் முதலியவை. கூம்பைச் சாயத்தில் தோய்த்து, மின்குமிழை அதில் பொருத்தித் தலையில் அணிந்தால் அது காவலரின் தொப்பியாகிவிடும், பாலம் இறங்கும்.

இவ்விடையைக் கண்டடையும் பிள்ளை, காவலனின் தலையில் என்ன இருக்கிறது என்பதைக் கவனித்து நினைவில் வைக்க வேண்டும். வீதிக் கூம்பை வீதிக் கூம்பாக மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டு, அதன் வடிவத்தைத் தொப்பியின் வடிவமாகக் காண வேண்டும். முதலில் எது, பின்னர் எது என்று வரிசைப்படுத்த வேண்டும். பாலத்தருகே போய் மீண்டும் மீண்டும் தோற்றுத் திரும்பியபின்னும் பொறுமை இழக்காதிருக்க வேண்டும். இவை அனைத்தும் நடப்பது பிள்ளை சிக்கி நிற்கும் நேரத்தில்தான். விடை கிடைத்த கணம் மகிழ்ச்சி தருவது. பயிற்சி தருவது அதற்கு முந்திய பத்து நிமிடம். பெற்றோரோ ஆசிரியரோ இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால், இவ்வத்தியாயத்தின் ஏனைய அறிவுரைகள் பலவும் தாமே விளங்கிவிடும்.

3. வளரக்கூடிய திறன்கள்

முதலாவது, உளவியலார் நிறைவேற்றுச் செயற்பாடுகள் என்று அழைக்கும் தொகுதியாகும். மனம் தன்னைத் தானே நெறிப்படுத்தும் ஆற்றலைக் குறிக்கும் இத்தொகுதியில், தகவலைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்திக்கொண்டு அதன்மீது வேலை செய்யும் தொழிற்படு ஞாபகம், முதலில் தோன்றியதை உடனே செய்துவிடாமல் தடுக்கும் தன்னடக்கம், ஒரு வழி பயன்படாதபோது வேறு வழிக்கு மாறும் நெகிழ்ச்சி ஆகிய மூன்றும் அடங்கும். மேற்கண்ட பாலப் புதிர் இம்மூன்றையும் ஒருங்கே கேட்கிறது.

இரண்டாவது, இடஞ்சார் திறன். ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தல், வேறோர் இடத்திலிருந்து அது எப்படித் தோன்றும் என்று உணர்தல், வரைபடத்தை நிலத்தோடு பொருத்துதல் ஆகியவை இதன் கூறுகள். 'மொனுமென்ட் வெலி' விளையாட்டில் கோபுரத்தைத் திருப்பும்போது, ஒரு கோணத்தில் துண்டாகக் கிடந்த பாதைகள் மற்றொரு கோணத்தில் இணைந்துகொள்ளும். இத்திறன் பிறவியோடு நின்றுவிடுவது என்ற கருத்து இன்று வலுவிழந்துள்ளது. 2013 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 217 ஆய்வுகளைச் சேர்த்து நோக்கி, இடஞ்சார் திறன் பயிற்சியால் மேம்படும் என்ற முடிவுக்கு வந்தது.

மூன்றாவது, விடாமுயற்சி. இவ்வகை விளையாட்டில் தவறான முயற்சிக்குத் தண்டனை மிகக் குறைவு. சிவப்பு மையினால் பிழை குறிக்கப்படும் பயிற்சிக் கொப்பிக்குப் பழகிய பிள்ளைக்கு, தவறிய முயற்சியும் ஒரு தகவல்தான் என்ற அனுபவம் இங்கு கிடைக்கிறது. நான்காவது, மொழி. வாசிக்கவும், காரணம் சொல்லவும், 'அப்படியானால்', 'ஆனபடியால்' என்று வாக்கியங்களைக் கோக்கவும் கதை வாய்ப்பளிக்கிறது; ஆனால் அருகில் கேட்பதற்கு ஒருவர் இருந்தாலொழிய அவ்வாய்ப்பு வீணாகிவிடும்.

4. ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஓரிடத்தில் கற்றது வேறோரிடத்தில் பயன்படுவதைக் கல்வியியலார் கற்றல் இடமாற்றம் என்பர். இது எளிதில் நிகழாது என்பதை 1901 ஆம் ஆண்டிலேயே உளவியலாளர்களான தோண்டைக்கும் வூட்வேர்த்தும் எடுத்துக்காட்டினர். கணினி விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும். சிம்ஸ், மேயர் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், விழும் வடிவங்களைத் திருப்பி அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டில் தேர்ந்தவர்கள் டெட்ரிஸ் வடிவங்களையும் அவற்றை ஒத்தவற்றையும் மனத்தில் திருப்புவதில் முன்னின்றார்களே தவிர, ஏனைய இடஞ்சார் சோதனைகளில் அவ்வாறு முன்னிற்கவில்லை. 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் விற்கப்பட்ட லுமோசிட்டி செயலியின் நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்ப்பதற்கு, 2016 இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

மறுபுறத்தில், நம்பிக்கை தரும் சான்றுகளும் உண்டு. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வலரி ஷூட்டும் உடன் ஆய்வாளர்களும் 77 மாணவரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவை 'போர்ட்டல் 2' என்ற புதிர் விளையாட்டையும் மறு குழுவை லுமோசிட்டியையும் 8 மணி நேரம் விளையாடச் செய்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். சிக்கல் தீர்த்தல், இடஞ்சார் திறன், விடாமுயற்சி ஆகியவற்றில் புதிர் விளையாட்டுக் குழுவே மேம்பட்டு நின்றது. அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதால் இம்முடிவை அப்படியே சிறுவருக்குப் பொருத்துதல் ஆகாது. சிறுவரைப் பொறுத்தவரை, 1996 இல் முதன்முதல் வெளிவந்த 'சூம்பினிஸ்' என்ற தருக்கப் புதிர் விளையாட்டை வகுப்பறைகளில் பயன்படுத்திய ஆய்வு கவனத்துக்குரியது. விளையாட்டில் வந்த சிந்தனையைப் பாடத்தோடும் வாழ்க்கையோடும் ஆசிரியர் இணைத்துக் காட்டிய செயற்பாடுகளும் நீண்ட நேர விளையாட்டும் ஒன்றுசேர்ந்த வகுப்புகளிலேயே கற்றல் சிறந்து காணப்பட்டது.

எனவே, புதிர் விளையாட்டு விளையாடினால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்பலாகாது. விளையாட்டு சிந்தனைக்கு ஒரு களத்தை அமைத்துத் தரும். அச்சிந்தனையை வேறு களங்களுக்கு எடுத்துச் செல்வது பெரியவர்களின் பேச்சும் துணையுமே ஆகும்.

5. தெரிவு செய்யும் முறை

திருகோணமலையில் தமிழ்மொழி மூலம் கற்கும் இளம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே முதல் தடையாக வரும். ஆகவே தொடக்கத்தில் எழுத்தில்லாத அல்லது எழுத்துக் குறைந்த விளையாட்டுகளையே தெரிவு செய்தல் நன்று. 'மெஷினாரியம்' விளையாட்டில் பாத்திரங்கள் பேசுவதில்லை. அவற்றின் எண்ணங்கள் படக் குமிழிகளாகத் தோன்றும். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே திரையின் முன் அமர்ந்து இதை விளையாடலாம் என்பது மும்மொழி வழங்கும் இம்மாவட்டத்தில் சிறிய நன்மை ஆகாது.

தமிழர் வாழ்வையே பொருளாகக் கொண்ட புதிர் விளையாட்டு ஒன்றும் உண்டு. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் மை கரைந்தும் போயிருப்பதால், விடுபட்ட படிகளை விளையாடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்டலித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுகளுக்கும் போகும் என்பதும், புட்டுக் குழலில் எதை எவ்வரிசையில் இடுவது என்பதும் இங்கு புதிர்களாகின்றன. அடுப்படியில் நின்று பார்த்த பிள்ளைக்கு இவ்விடைகள் ஏற்கெனவே பாதி தெரிந்தவை. எஞ்சிய பாதிக்கு அது அம்மம்மாவிடம் போய்க் கேட்கும். 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகமான பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது இதற்குக் கிடைத்தது. பெற்றோருக்கும் வளர்ந்த மகனுக்கும் இடையிலான மனத்தாங்கல் கதையில் வருவதால், தரம் 6 க்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெரியவர் சேர்ந்திருந்து விளையாடுவது ஏற்றது.

எந்த விளையாட்டையும் பிள்ளையிடம் கொடுக்குமுன் பெரியவர் அரை மணி நேரமாவது விளையாடிப் பார்த்து, பின்வருவனவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்:

- ஒரு தடவை தரவிறக்கியபின் டேட்டா இல்லாமலே இயங்குகிறதா என்பது. மாதக் கடைசியில் ரீலோட் தீர்ந்த வீட்டுக்கும் மின்வெட்டு நேரத்துக்கும் இதுவே பொருந்தும்.
- இடையிடையே விளம்பரமும் 'வாங்கு' என்ற பொத்தானும் வருகின்றனவா என்பது. சிக்கி நிற்கும் பிள்ளையிடம் விடையைக் காசுக்கு விற்கும் விளையாட்டு, பயன் தரும் அந்த நேரத்தையே பறித்துவிடுகிறது.
- அந்நியரோடு உரையாடும் வசதி உள்ளதா என்பது; இருந்தால் அதை மூடிவிட வேண்டும்.
- கதைக்கு முடிவு உண்டா என்பது. முடிவில்லாத விளையாட்டை நிறுத்துவது பிள்ளைக்கு மிகக் கடினம்.

6. அருகில் அமரும் முறை

பிள்ளை தனியே செய்ய இயலாததும், துணையிருந்தால் செய்ய இயல்வதுமான எல்லையை உருசிய உளவியலாளர் வைகோட்ஸ்கி அண்மை விருத்தி வலயம் என்றார். பெரியவரின் உதவி அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். விடையைச் சொல்லிவிட்டால் வேலை பெரியவருடையதாகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் பிள்ளை யூடியூப்பில் விடையைத் தேடிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது கேள்வியாகும்.

"அம்மா, இது ஏலாது" என்று பிள்ளை சொல்லும்போது, "கொண்டா, நான் செய்து தாறன்" என்று கையை நீட்டுவதற்குப் பதிலாக, "இதுவரைக்கும் என்னென்ன செய்து பாத்தனீ, மகள்?" என்று கேட்டால், பிள்ளை தான் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கும், சொல்லும்போதே செய்யாமல் விட்டது எது என்பது பல வேளைகளில் அதற்கே தெரிந்துவிடும். அதன்பின்னும் வழி தோன்றாவிடில், "இந்தப் படத்தில நீ இன்னும் தொடாத சாமான் எது?" என்ற கேள்வி போதும். அதற்கும் பயன் இல்லையென்றால் விளையாட்டை மூடிவைத்து, மறுநாள் தொடரலாம். 'மெஷினாரியம்' விளையாட்டிலேயே முழு விடைப் புத்தகம் ஒரு பூட்டுக்குள் இருக்கும். அதைத் திறக்க வேறொரு சிறு விளையாட்டை விளையாடி முடிக்க வேண்டும் என்று வைத்து, உடனே விடை பார்க்கும் அவசரத்துக்கு ஆக்கியோரே தடை போட்டிருக்கிறார்கள்.

அண்ணன் தங்கை இருவர் விளையாடும்போது கைத்தொலைபேசி ஒருவர் கையிலும் 'எங்கே போகலாம்' என்று சொல்லும் பொறுப்பு மற்றவரிடமும் இருக்குமாறு பிரித்து, ஒவ்வொரு காட்சிக்கும் மாற்றிக்கொள்ளச் செய்தால், சண்டை குறைவதோடு நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் வரும்.

7. திரையிலிருந்து துறைமுகத்துக்கு

விளையாட்டில் பயின்ற சிந்தனையை வேறு களத்துக்குக் கொண்டுசெல்லத் திருகோணமலையைப் போல் வாய்ப்பான இடம் அரிது. வகுப்பறையிலும் வார விடுமுறையிலும் செய்யக்கூடிய மூன்று செயற்பாடுகள் இங்கே தரப்படுகின்றன.

முதற் செயற்பாடு கொட்டியார்க்குடாவை வைத்து அமைந்தது. இதற்கு அடிப்படை ஒரு பழைய சோதனை: உளவியலாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும் மூன்று மலைகளின் உருவமைப்பை ஒரு மேசையில் வைத்து, எதிரே இருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று சிறுவரிடம் கேட்டனர். இளம் பிள்ளைகள் பலர் தமக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகக் கூறினர். திருகோணமலைப் பிள்ளைக்கு மேசை தேவையில்லை. சுவாமிமலையில் நின்று தெற்கே மூதூர்ப் பக்கம் பார்ப்பவருக்குத் திறந்த கடல் இடப்புறம் இருக்கும். மூதூர்க் கரையில் நின்று வடக்கே பார்ப்பவருக்கு அதே கடல் வலப்புறமாகிவிடும். இரு கரையிலிருந்தும் தெரிவதை இரண்டு படங்களாக வரையச் செய்து, பின் மாவட்ட வரைபடத்தோடு ஒப்பிடச் செய்தால், கோபுரத்தைத் திருப்பிய விரலின் அனுபவம் நிலத்தின்மீது இறங்கும்.

இரண்டாவது, கிண்ணியாத் துறையின் பழைய கடவை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு மக்கள் கடந்தது 'பாதை' எனப்படும் மிதவையில். அது நினைவிலுள்ள வாப்பா, உம்மா, பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்தபின், புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாக அக்கரை சேர்க்கும் பழைய புதிரை அத்துறையில் நடப்பதாகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கடவைக்காரன் இல்லாத நேரத்தில் புலி ஆட்டையும் ஆடு புல்லையும் தின்னும் என்பதே நிபந்தனை. ஏழு கடவைகளில் இது முடியும். ஆனால் ஒரு கட்டத்தில், கொண்டுபோன ஆட்டை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பிள்ளைகள் சிக்குவது அங்கேதான். முன்னேறுவதற்குப் பின்வாங்க வேண்டியும் வரும் என்று காண்பதே நெகிழ்ச்சி எனப்பட்ட திறனாகும்.

மூன்றாவது, பிள்ளைகளே கடதாசியில் ஒரு புதிர்ச் சாகசத்தை ஆக்குதல். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு தடை, அதை நீக்கும் பொருள், அப்பொருள் ஒளிந்திருக்கும் இடம். போர்த்துக்கேயர் 1624 இல் கோணேசர் கோயிற் கற்களைக் கொண்டு கட்டத் தொடங்கி, 1795 இல் பிரித்தானியர் கைக்குப் போன பிரட்றிக் கோட்டை, அதனுள் திரியும் புள்ளிமான்கள், ஒன்றுக்கொன்று வெப்பம் வேறுபடும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, 1956 இல் சுழியோடிகளான மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கடலடியில் கண்ட அக்கோயிலின் சிதைவுகள் எல்லாம் கதைக்களங்களாகும். புதிரை அவிழ்ப்பவர் என்ன நினைப்பார் என்று புதிரைப் போடுபவர் முன்கூட்டியே நினைக்க வேண்டியிருப்பதால், விளையாடுவதைவிட ஆக்குவதே ஆழ்ந்த பயிற்சியாகும். இதற்குச் செலவு சில தாள்களும் ஒரு பென்சிலுமே.

8. வயதும் எல்லையும்

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. முன்பள்ளிப் பருவத்தில் திரைப் புதிரைவிடக் கட்டைகளும் மணலுமே மேலானவை. தரம் 3 முதல் 5 வரையுள்ள பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் என்று வகுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. நேரம் முடிந்ததும் பிடுங்காமல், அடுத்த காட்சியின் தொடக்கத்தில் நிறுத்துவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நித்திரைக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் விளையாட்டே வேண்டாம்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பு, விளையாட்டுக் கோளாறு என்பதைச் சேர்த்துள்ளது. விளையாட்டின்மீது கட்டுப்பாடு இழத்தல், மற்றெல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதன்மை கொடுத்தல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு மாத காலம் நீடித்து, படிப்பையும் உறவையும் குலைக்கும்போதே அப்பெயர் பொருந்தும். ஒரு நாள் பிடிவாதத்தை நோயென்று கொள்ள வேண்டியதில்லை; அதே வேளை, உணவும் உறக்கமும் நண்பரும் தொடர்ந்து கைவிடப்படுவதாகக் கண்டால், வைத்தியசாலையில் சிறுவர் மருத்துவரையோ உளநல மருத்துவரையோ நாடுவதில் தாமதம் கூடாது.

சுருங்கக் கூறின், புதிர்ச் சாகச விளையாட்டு பிள்ளையை அறிவாளியாக்கும் மருந்து ஆகாது. அருகில் அமர்ந்து கேள்வி கேட்கும் பெரியவர் ஒருவர் கிடைத்தால், அது நல்ல பயிற்சிக் களமாகும். ஆகவே இந்நூலைக் கையில் எடுத்த பெற்றோரும் ஆசிரியரும் இவ்வாரமே ஒரு விளையாட்டைத் தெரிந்து, தாம் முதலில் விளையாடிப் பார்த்து, பிள்ளையோடு அரை மணி நேரம் அமர்வார்களாக. அந்த அரை மணி நேரத்தில், விடை தமக்குத் தெரிந்தாலும் அதைச் சொல்லாதிருப்பார்களாக.